கூலியும் கையூட்டும்: நாய்க்கு வெகுமதி வழியில் பழக்கம் கற்பித்தல்

எங்கள் வீட்டில் முன்பு மணி என்றொரு நாட்டு நாய் இருந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பால்காரரின் வண்டி தெருமுனையில் திரும்பும் ஓசை கேட்டதுமே அது குரைக்கத் தொடங்கிவிடும். அக்கம்பக்கத்தாரின் தூக்கம் கெடக் கூடாதே என்ற பதற்றத்தில் நான் சமையலறையிலிருந்து ஒரு பிஸ்கட்டோடு ஓடிவருவேன். அதைக் கவ்வியதும் குரைப்பு நின்றுவிடும். சில மாதங்கள் கழித்து ஒரு நாள் நிதானமாகக் கவனித்தபோதுதான் விஷயம் விளங்கியது. வண்டி வந்தது, மணி தெருவைப் பார்த்து இரண்டு முறை குரைத்தது, உடனே தலையைத் திருப்பிச் சமையலறை வாசலைப் பார்த்தபடி நின்றது. பிஸ்கட் வரத் தாமதமானதும் மீண்டும் ஒரு முறை, இம்முறை தெருவைப் பாராமல் என்னைப் பார்த்தே, குரைத்தது. குரைப்பை நிறுத்துவதாக நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் குரைப்பதற்கே பயிற்சி கொடுத்துவந்திருக்கிறேன்.

வெகுமதி கொடுத்துக் கற்பிக்கும் முறையைப் பற்றிப் பேசும்போது அது கருணையான முறை என்று பலரும் பாராட்டுவார்கள். அது உண்மையே. ஆனால் கருணை மட்டும் இருந்தால் மணிக்கு நேர்ந்ததுதான் நேரும். எந்தச் செயலுக்கு, எந்த நொடியில், என்ன கிடைத்தது என்ற கணக்கை நாய் நம்மைவிடத் துல்லியமாக வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கை நாம் அறிந்து எழுதுகிறோமா, அறியாமல் எழுதுகிறோமா என்பதில்தான் பயிற்சி பெற்ற நாய்க்கும் பெறாத நாய்க்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது.

இந்தக் கணக்கை முதலில் ஆய்வுக்கூடத்தில் எழுதிக்காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக். 1898-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், பசித்த பூனைகளைப் பெட்டிகளில் அடைத்து, உள்ளிருக்கும் தாழையோ கயிற்றையோ இயக்கினால் கதவு திறக்கும்படி செய்திருந்தார். பூனை முதலில் கண்டபடி பிராண்டி, தற்செயலாகத் தாழைத் தட்டி வெளியேறும். அடுத்தடுத்த முறைகளில் வீண் அசைவுகள் குறைந்து, தாழைத் தட்டும் செயல் மட்டும் விரைந்து வரும். நல்ல விளைவைத் தந்த செயல் வலுப்படுகிறது என்ற இந்தக் கருத்தைப் பின்னர் இன்னொரு அமெரிக்க உளவியலாளரான பி. எஃப். ஸ்கின்னர் விரிவாக வளர்த்தெடுத்தார். ‘நேர்மறை வலுவூட்டல்’ என்று நாம் தமிழில் சொல்லும் தொடர் அவர் வழியில் வந்ததே. இதிலுள்ள ‘நேர்மறை’ என்ற சொல்லுக்கு நல்லது, இனியது என்று பொருள் கொள்வது பரவலான பிழை. அது கணக்கிலுள்ள கூட்டல் குறியைப் போன்றது: செயலுக்குப் பின் ஏதோ ஒன்று சேர்க்கப்படுகிறது, அதனால் அந்தச் செயல் பெருகுகிறது. சேர்க்கப்படுவது இறைச்சித் துண்டாக இருக்கலாம், பந்தாக இருக்கலாம், திறக்கப்படும் வாசற்கதவாகவும் இருக்கலாம். செயல் பெருகவில்லை என்றால், நாம் கொடுத்தது எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் அந்த நாய்க்கு அது வெகுமதி ஆகவில்லை என்று கொள்ள வேண்டும்.

“தீனியைக் காட்டினால்தான் கேட்கும் நாய் என்ன நாய்?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே, ஏனெனில் தீனியைக் காட்டிச் செய்விப்பது கையூட்டு. செய்த பிறகு கொடுப்பது கூலி. இரண்டிலும் கைமாறுவது அதே கறித்துண்டுதான் என்றாலும் வரிசை மாறுகிறது. கையூட்டுக்குப் பழகிய நாய் முதலில் கையைப் பார்க்கும், கை வெறுமையாக இருந்தால் போய்ப் படுத்துக்கொள்ளும். கூலிக்குப் பழகிய நாய் முதலில் வேலையைச் செய்யும், பிறகு கையைப் பார்க்கும். கீழே சொல்லப்படுபவை யாவும் இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்கான வழிகளே.

கையில் என்ன வைத்துக்கொள்வது?

துண்டு சிறியதாக இருக்க வேண்டும். பச்சைப் பட்டாணி அளவு போதும். சின்ன இன நாய்க்கு அதிலும் பாதி. நாய் எண்ணிக்கையைத்தான் மதிக்கிறது, அளவை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஒரு முழு பிஸ்கட்டை மென்று முடிப்பதற்குள் எதற்காகக் கிடைத்தது என்பதே அதற்கு மறந்துவிடும். மஞ்சள், மிளகாய், உப்பு சேர்க்காமல் அவித்த கோழிக்கறி, அவித்த முட்டையின் வெள்ளை, பன்னீர், சிறிதளவு ஈரல் ஆகியவை நன்றாக எடுபடும். கேரட் துண்டுக்கும் வெள்ளரித் துண்டுக்கும் மகிழ்ந்து வேலை செய்யும் நாய்களும் உண்டு. தேநீர்க் கடையில் வாங்கிப் போடும் பொறையும் வீட்டு பிஸ்கட்டும் வசதியானவை, ஆனால் மாவும் சர்க்கரையுமே அவற்றில் மிகுதி என்பதால் அன்றாடப் பயிற்சிக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் சேர்க்கப்படும் சைலிட்டால் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பிரியாணியிலிருந்து எடுத்துக் கழுவிய கறித்துண்டிலும் வெங்காயச் சாறு ஊறியிருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒரு நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தத் தின்பண்டங்கள் போகாமல் பார்த்துக்கொண்டு, கொடுத்த அளவுக்கு இரவுச் சாப்பாட்டைக் குறைத்துவிட்டால் நாய் பருக்காது.

வீட்டுக்குள் கேரட் போதும். தெருவில் கோழிக்கறி வேண்டும். எதிரே பூனை நிற்கும்போது உங்களைத் திரும்பிப் பார்க்கும் நாய் எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது என்று எண்ணிப் பார்த்தால், கூலியை ஏன் உயர்த்த வேண்டும் என்பது விளங்கும்.

அடையாள ஒலி

நாய் உட்கார்ந்த நொடிக்கும் நம் கை இடுப்புப் பைக்குள் போய்க் கறித்துண்டோடு வெளிவரும் நொடிக்கும் இடையில் இரண்டு மூன்று விநாடிகள் கடந்துவிடும். அதற்குள் நாய் எழுந்து, தரையை முகர்ந்து, நம் கால்மீது ஒரு பாதத்தை வைத்திருக்கும். கூலி போய்ச் சேர்வது பாதம் வைத்ததற்கு. இந்த இடைவெளியை அடைப்பதற்கு ஒரு குறுகிய ஒலி தேவைப்படுகிறது. விரலால் அமுக்கினால் ‘டிக்’ என்று ஒலிக்கும் விளையாட்டுப் பொம்மையை இதற்குப் பயன்படுத்தலாம் என்று ஸ்கின்னர் 1951-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். ஹவாய்த் தீவுகளில் 1960-களில் டால்பின்களுக்குப் பயிற்சியளித்த கேரன் பிரையர் ஊதலை இதே வேலைக்குப் பயன்படுத்தினார். நீருக்குள் நீந்தும் விலங்குக்கு வாரும் கிடையாது, அடியும் போட முடியாது, ஆகவே ஊதலையும் மீனையும் விட்டால் பயிற்சியாளருக்கு வேறு வழியே இல்லை. அந்த முறை பின்னாளில் நாய்களிடம் வந்து சேர்ந்தபோது ‘கிளிக்கர்’ என்ற பெயரில் கடைகளில் விற்பனைக்கு வந்தது.

கிளிக்கர் கட்டாயமில்லை, ஒரு சொல்லும் போதும். ஆனால் ‘சரி’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நம் வீடுகளில் தொலைபேசியில் மட்டும் ஒரு நாளைக்கு நூறு ‘சரி’ சொல்கிறோம், அத்தனைக்கும் நாய் ஏமாந்து திரும்பிப் பார்க்கும். ‘நல்ல பிள்ளை’ மிக நீளம். நாக்கை அண்ணத்தில் தட்டி எழுப்பும் ‘டொக்’ ஒலி எனக்கு வசதியாக இருக்கிறது. ‘யெஸ்’ என்பவர்களும் இருக்கிறார்கள். எதைத் தேர்ந்தாலும் முதல் இரண்டு நாட்கள் நாயிடம் எதையும் கேட்காமல், ஒலி எழுப்பி உடனே ஒரு துண்டு, மீண்டும் ஒலி, மீண்டும் ஒரு துண்டு என்று வேளைக்கு 15 முறை செய்ய வேண்டும். நாய் வேறு பக்கம் பார்த்திருக்கும்போது ஒலி எழுப்பினால் வெடுக்கென்று திரும்புகிறதா? அப்படியானால் ஒலி தயார். அதன் பிறகு இந்த ஒலி ஒரு வாக்குறுதி. தவறுதலாக எழுப்பிவிட்டாலும் கூலி கொடுத்தே ஆக வேண்டும்.

முதல் பாடத்தை அருகிலிருந்து பார்ப்போம்

உட்காரக் கற்பிப்பதை எடுத்துக்கொள்வோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஒரு துண்டைப் பிடித்து நாயின் மூக்குக்கு ஒரு விரற்கடை தள்ளி நிறுத்துங்கள். அதை மெல்ல மேலே தூக்கி, தலைக்கு மேலாகப் பின்புறம் நகர்த்துங்கள். மூக்கு மேலே போகப் போகப் பின்புறம் தானாகத் தாழும். தரையைத் தொட்ட அந்த நொடியில் ஒலி, பிறகு துண்டு. முன்னங்கால்களைத் தூக்கி எம்பினால் கை அதிக உயரத்தில் இருக்கிறது என்று பொருள். பின்னோக்கி நடந்தால் சுவரோரமாக நிறுத்திச் செய்யுங்கள். முதுகை அழுத்தி உட்கார வைக்க வேண்டாம். அழுத்தத்துக்கு எதிராக உடலை விறைப்பது நாயின் இயல்பு என்பதோடு, இடுப்பு மூட்டு பலவீனமான நாய்க்கு அது வலிக்கும்.

மூன்று நான்கு முறைக்குப் பிறகு செய்ய வேண்டியதுதான் முக்கியமானது, பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதையே. அதே கையசைவை வெறுங்கையால் செய்யுங்கள். நாய் உட்காரும், ஏனெனில் அசைவு அதற்குப் பழகிவிட்டது. ஒலி எழுப்பிவிட்டு, மறு கையால் பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள். கையூட்டு கூலியாக மாறுவது இந்த இடத்தில்தான். இதை முதல் நாளிலேயே செய்துவிடாமல் ஒரு மாதம் கையில் தீனியோடு அலைபவர்கள்தான் பிறகு “காட்டினால்தான் உட்காருகிறது” என்று குறைப்படுகிறார்கள்.

சொல்லைக் கடைசியில் சேர்க்க வேண்டும். கையசைத்தால் உட்கார்ந்துவிடும் என்று பந்தயம் கட்டும் அளவுக்கு நம்பிக்கை வந்த பிறகு, முதலில் சொல், அரை விநாடி கழித்துக் கையசைவு என்ற வரிசையில் ஒரு வாரம் செய்தால், சொல் கேட்டதுமே உட்காரத் தொடங்கும். எந்தச் சொல் என்பதை வீட்டார் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. அப்பா ‘சிட்’ என்கிறார், பாட்டி ‘உக்காருடா’ என்கிறார், பையன் ‘சிட் டவுன்’ என்று மூன்று முறை கத்துகிறான். நாய் மூன்று மொழி படித்த பண்டிதராக வேண்டியிருக்கிறது. ஒரு சொல், ஒரே முறை. திரும்பத் திரும்பச் சொன்னால், நான்காவது முறை சொல்லும்போது உட்கார்ந்தால் போதும் என்று அது கற்றுக்கொள்ளும்.

ஒரு அமர்வு மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். நாளுக்கு இரண்டு அல்லது மூன்று அமர்வுகள் போதும். ஐந்து முயற்சிகளில் நான்கு சரியாக வந்தால் பாடத்தைச் சிறிது கடினமாக்கலாம், இரண்டுக்கும் கீழே போனால் ஒரு படி இறங்க வேண்டும். கூடத்தில் அழகாக உட்காரும் நாய் வாசலில் உட்காராவிட்டால் அது திமிர் அன்று. கூடத்தில் உட்காருவதை மட்டுமே அது கற்றிருக்கிறது. இடம் மாறும்போதெல்லாம் முதல் படியிலிருந்து தொடங்கினால், ஒவ்வொரு முறையும் முன்பைவிட விரைவாக ஏறிவரும்.

‘இரு’ என்று நிறுத்திவைக்கும் பாடத்தில் நேரம், தூரம், இடைஞ்சல் என்ற மூன்றையும் ஒன்றாக உயர்த்தக் கூடாது என்பதைத் தவிரச் சொல்வதற்கு அதிகமில்லை. நேரத்தை ஒரு விநாடியிலிருந்து பத்து விநாடிக்குக் கூட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பத்தடி தள்ளி நிற்கத் தொடங்கும்போது நேரத்தை மீண்டும் இரண்டு விநாடிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். பந்து உருளும்போது இரண்டையும் குறையுங்கள்.

கூப்பிட்டால் வருதல்

எல்லாப் பாடங்களிலும் உயிரைக் காப்பது இதுவே, நாமாகக் கெடுத்துக்கொள்வதில் முதலிடமும் இதற்கே. நம் ஊரில் நாயைப் பெரும்பாலும் எப்போது கூப்பிடுகிறோம்? குளிப்பாட்டுவதற்கு, மருந்து கொடுப்பதற்கு, விளையாட்டை முடித்துச் சங்கிலியில் கட்டுவதற்கு, செருப்பைக் கடித்ததற்குத் திட்டுவதற்கு. ‘வா’ என்ற சொல்லுக்கு அர்த்தம் ‘இன்பம் முடிந்தது’ என்று நாய் கண்டுபிடிக்க ஒரு வாரம் போதும்.

ஆகவே ஒரு புதுச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். தெரு நாயையும் வீட்டு நாயையும் ஒரே மாதிரி அழைக்கும் ‘தோ தோ’ வேண்டாம். ஊரில் யார் கூப்பிட்டாலும் உங்கள் நாய் ஓடிப் போகும். வீட்டுக்குள் ஆறடி தூரத்தில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லி, நாய் உங்கள் பக்கம் திரும்பிய கணத்திலேயே ஒலி எழுப்பி, வந்து சேர்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தாறு துண்டுகள் கொடுங்கள். கொடுக்கும்போது கழுத்துப்பட்டையை மெல்லத் தொட்டுவிட்டு விடுங்கள்; கை கழுத்தை நோக்கி வந்தால் பிடிபட்டோம் என்று துள்ளி விலகும் பழக்கம் வராமலிருக்க இது உதவும். பிறகு “போ” என்று மீண்டும் விளையாட அனுப்பிவிடுங்கள். பத்து முறை வந்தால் ஒன்பது முறை விளையாட்டு தொடர வேண்டும்.

வெளியே பயில்வதற்கு மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் ஒன்றும் 10 மீட்டர் நீளமுள்ள தட்டையான வாரும் தேவை. நீண்ட வாரைக் கழுத்துப்பட்டையில் மாட்டினால், நாய் வேகமாக ஓடி வாரின் முடிவுக்கு வரும்போது கழுத்து நொடித்துக்கொள்ளும். நாய் வராவிட்டால் அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லாமல், எதிர்த்திசையில் ஓடுங்கள். துரத்தப்படும் நாய் ஓடும், துரத்தத் தோன்றும் நாய் பின்னால் வரும். எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்த நாயைத் திட்டக் கூடாது. குளிப்பாட்ட வேண்டியிருந்தால் கூப்பிடாமல் நீங்களே போய் அழைத்துவாருங்கள்.

நடக்கும்போது வாரை இழுத்துக்கொண்டு போகும் நாய்க்கும் இதே கணக்குதான். இழுத்தால் முன்னேற முடிகிறது என்பதே அதற்கு வெகுமதி. வார் இறுகியதும் நின்றுவிட்டு, தளர்ந்ததும் நடந்து, காலோரம் வரும்போதெல்லாம் தொடை அருகே ஒரு துண்டு கொடுத்து வந்தால் மூன்று வாரங்களில் மாற்றம் தெரியும். முதல் நாள் அரை மணி நேரத்தில் வீட்டு வாசலைத் தாண்டியிருக்க மாட்டீர்கள் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் பொறுமை வேண்டும்.

குட்டி, வளர்ந்தது, முதியது

குட்டியின் வாழ்வில் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை உலகை அஞ்சாமல் ஏற்றுக்கொள்ளும் சன்னல் திறந்திருக்கிறது. தடுப்பூசிகள் முடியும் வரை தரையில் விடக் கூடாது என்று கால்நடை மருத்துவர் சொல்வதும் அதே காலத்தில்தான், குட்டிகளைத் தாக்கும் பார்வோ என்னும் வைரஸ் நோய் அவ்வளவு கொடியது. இரண்டையும் சமன் செய்ய எளிய வழி, குட்டியைத் தூக்கிக்கொண்டு போவது. தோளில் வைத்தபடி பேருந்து நிறுத்தம், கோயில் மேளம், தலைக்கவசம் அணிந்தவர், குடை விரிப்பவர், ஊன்றுகோலோடு நடக்கும் பெரியவர் என்று ஒவ்வொன்றையும் தொலைவிலிருந்து காட்டி, காட்டும்போதெல்லாம் ஒரு துண்டு கொடுக்க வேண்டும். சிறுநீர்ப் பழக்கத்துக்கு, வயது எத்தனை மாதமோ அதனோடு ஒன்றைக் கூட்டினால் அது பகலில் அடக்கக்கூடிய மணிக்கணக்கின் உச்சம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் வெளியே கொண்டுபோய், வேலை முடிந்த இடத்திலேயே கூலியைக் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்கான கூலியாகிவிடும். வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிட்டால் அதில் மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும் வேண்டாம். அப்படிச் செய்த வீடுகளில் குட்டி கட்டிலுக்கு அடியில் மறைவாகப் போகக் கற்றுக்கொள்ளும்.

வளர்ந்த நாய் கற்காது என்பது வெறும் பேச்சு. எங்களிடம் இப்போது இருக்கும் செம்பி தெருவிலிருந்து வந்தபோது அதற்கு நான்கு வயதிருக்கலாம் என்றார் மருத்துவர். கையை நீட்டினால் ஆறடி பின்வாங்கும். அதனிடம் உட்கார் என்றெல்லாம் கேட்காமல், நான் திண்ணையில் பக்கவாட்டாக அமர்ந்து, அது என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒலி எழுப்பி, ஒரு துண்டை அதற்குப் பின்புறமாக வீசினேன். முன்னால் வீசியிருந்தால் உணவுக்காக அச்சத்தை விழுங்கிக்கொண்டு என்னருகே வர வேண்டியிருக்கும். பின்னால் வீசியதால், விலகிப் போய்த் தின்றுவிட்டு, தன் விருப்பத்தோடு திரும்பி வந்தது. பன்னிரண்டாம் நாள் என் உள்ளங்கையை மூக்கால் தொட்டது. பசியை ஆயுதமாக்காமல் விலகலையும் வெகுமதியாக்கலாம் என்பதை எனக்குக் கற்பித்தது செம்பிதான்.

முதிய நாய்க்கு மூட்டுவலி இருந்தால் உட்காருவதே தண்டனை. அதற்கு நின்றபடியே கையைத் தொடும் பாடத்தைக் கொடுங்கள், வழுவழுப்பான டைல்ஸ் தரையில் ஒரு பாயை விரியுங்கள், காது மந்தமாகிவிட்டால் சொல்லுக்குப் பதில் பெரிய கையசைவைப் பயன்படுத்துங்கள். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த நாய் திடீரென்று கேட்க மறுத்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுவதே முறை.

இனம் என்ன மாற்றும்?

கற்கும் விதி எல்லா இனத்துக்கும் ஒன்றே. எதைக் கூலியாக மதிக்கிறது என்பதுதான் மாறும். லாப்ரடார் உணவுக்கு எதையும் செய்யும். 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், அந்த இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு நாய்க்குப் பசியடங்கும் உணர்வோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் ஒரு பகுதி இல்லை என்று கண்டறிந்தார்கள். அதனால் பயிற்சி எளிது, எடை கூடுவதும் எளிது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வெயில் ஏறுவதற்கு முன்பே அமர்வை முடித்துவிட வேண்டும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையால் இரையைத் துரத்தும் வேட்டை நாய்கள். நீண்ட தொடையும் மெலிந்த உடலும் கொண்ட இவை உட்காருவதை அசௌகரியமாக உணர்வதுண்டு. உட்கார மறுக்கும் கன்னியைப் பிடிவாதக்காரி என்று ஒதுக்காமல் நிற்கவோ படுக்கவோ கற்பிக்கலாம். கறித்துண்டைத் திரும்பியும் பாராத சிப்பிப்பாறை, ஒரு கழியின் நுனியில் கயிற்றால் கட்டிய துணியைத் தரையில் இழுத்தால் கண்ணில் தீப்பறக்கத் துரத்தும். அந்தத் துரத்தலே அதற்குக் கூலி: கூப்பிட்டதும் வந்தால் துணி ஓடும், வராவிட்டால் துணி அசையாது. வேலியில்லாத இடத்தில் மட்டும் இந்த நாய்களை வாரில்லாமல் விட வேண்டாம். முயலொன்று குறுக்கே ஓடினால் எந்தப் பயிற்சியும் நிற்காது என்பதை ஒப்புக்கொள்வது நல்லது.

வெள்ளை ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. குட்டியை வாங்கியதும் அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைத் தட்டிப் பார்த்தால் ஐயம் எழுமா என்பது தெரியும். கேளாத நாய்க்கு அடையாள ஒலிக்குப் பதிலாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டலாம். தொலைவிலிருந்து அழைக்கத் தரையை மிதித்து அதிர்வூட்டலாம், இரவில் விளக்கை அணைத்துப் போடலாம். ‘சொன்ன பேச்சுக் கேட்காது’ என்று பெயர் வாங்கிக் கட்டிப்போடப்பட்ட ராஜபாளையங்களில் எத்தனை உண்மையில் செவிடோ என்று நான் நினைப்பதுண்டு.

அடியும் ஓநாய்க் கதையும்

“நீ தலைவன் என்று அதற்குக் காட்டு” என்ற அறிவுரையை நாய் வளர்ப்பவர் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். இதன் வேர், விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷென்கல் 1947-இல் அடைபட்ட ஓநாய்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு. வெவ்வேறு இடத்து ஓநாய்களை ஒரே கூண்டில் அடைத்தால் சண்டையிட்டு வரிசை அமைப்பது இயல்பே. காட்டிலுள்ள ஓநாய்க் கூட்டம் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பம் என்பதை ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் விளக்கி எழுதினார். முன்பு கூட்டத் தலைவனைக் குறிக்கும் ‘ஆல்ஃபா’ என்ற சொல்லைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர் என்பதால் அந்தத் திருத்தத்துக்குத் தனி மதிப்பு உண்டு. வலியால் அடக்கும் கருவிகளில் ஒன்றான மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டைகளை வேல்ஸ் நாடு 2010-இலேயே தடை செய்துவிட்டது.

அடிக்கும் முறையில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. குழந்தையைப் பார்த்து உறுமும் நாயை அடித்தால் உறுமல் நின்றுவிடும், அச்சம் நிற்காது. எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டுத் தீயை அப்படியே விட்டதற்குச் சமம் அது. அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். உறுமும் நாயை விலக்கி அழைத்துச் சென்று, கால்நடை மருத்துவரிடம் காட்டி, தண்டனை இல்லாமல் பயிற்சி தரும் ஒருவரின் உதவியை நாட வேண்டும். பல்லில் வந்து நிற்கும் சிக்கலைக் கட்டுரை படித்துத் தீர்க்க முயல வேண்டாம்.

தண்டனை இல்லை என்றால் கெட்ட பழக்கத்தை என்ன செய்வது? அந்த நேரத்தில் செய்யக்கூடிய வேறொரு செயலுக்குக் கூலி கொடுப்பது. விருந்தினர்மேல் தாவும் நாய் உட்கார்ந்துகொண்டே தாவ முடியாது. வாயிற்கதவுக்கருகே ஒரு டப்பாவில் தீனியை வைத்து, வருபவர் உள்ளே நுழைவதற்கு முன்பே உட்கார வைத்து, நான்கு பாதமும் தரையில் இருக்கும் வரை கொஞ்சலும் தீனியும் கொடுக்க வேண்டும். பாதம் எழும்பினால் விருந்தினர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். முதல் சில நாட்கள் தாவுதல் முன்பைவிட அதிகமாகும். இதுவரை கிடைத்தது ஏன் கிடைக்கவில்லை என்று நாய் உரக்கக் கேட்கும் காலம் அது. அந்த நேரத்தில் மனமிரங்கித் தடவிக்கொடுக்கும் சித்தப்பா ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அச்சத்துக்குக் கணக்கு வேறு

தீபாவளி வெடிக்கு நடுங்கும் நாய்க்குத் தீனி கொடுத்தால் நடுக்கத்துக்கு வெகுமதி கொடுத்ததாகாதா என்று கேட்பார்கள். ஆகாது. உட்காருதல் நாய் செய்யும் செயல். அச்சம் நாய்க்கு நேரும் நிலை. அங்கே வேலை செய்வது, ரஷ்ய ஆய்வாளர் பாவ்லவின் நாய்க்கு, உணவோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய மணியோசைக்கே எச்சில் ஊறிய விதி: ஒலிக்குப் பின் இனிய ஒன்று தொடர்ந்து வந்தால் ஒலியின் பொருள் மாறும். ஆடி மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். கைப்பேசியில் வெடியோசையை நாயின் காது மட்டும் அசையும் அளவு தாழ்வாக வைத்து, ஓசைக்குப் பின் கோழிக்கறி, ஓசை நின்றால் கறியும் நிற்கும் என்று நாளுக்கு ஐந்து நிமிடம் செய்து, வாரத்துக்கு ஒரு புள்ளியாக ஒலியளவைக் கூட்டலாம். நாய் தின்ன மறுத்தால் ஒலி அதிகம் என்று பொருள். தீபாவளிக்கு முந்தைய நாள் தொடங்கிப் பயனில்லை. அன்றைக்கு உள்ளறையில் மின்விசிறி ஓசையோடு அருகிலிருந்து ஆறுதல் தருவதே செய்யக்கூடியது, மிகையாக நடுங்கும் நாய்க்கு மருந்து உண்டா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

கூலியைக் குறைப்பதும் நகம் வெட்டுவதும்

பழக்கம் ஊன்றிய பிறகு ஒவ்வொரு முறையும் கறித்துண்டு வேண்டாம். சில நேரம் ஒன்று, சில நேரம் மூன்று, சில நேரம் வெறும் தட்டிக்கொடுத்தல் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். அன்றாட வசதிகளையும் கூலியாக்கலாம்: உட்கார்ந்தால் கதவு திறக்கும், காத்திருந்தால் சோற்றுத்தட்டு தரையிறங்கும். கூப்பிட்டால் வருவதற்கு மட்டும் கூலியை ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

இந்த முறையின் பயன் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது நகம் வெட்டும்போதுதான். மணிக்கு நகம் வெட்ட மூன்று பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. செம்பிக்கு நாங்கள் வேறு விதமாகத் தொடங்கினோம். முதல் வாரம் பாதத்தைத் தொட்டால் ஒரு துண்டு. இரண்டாம் வாரம் கத்தரியைக் காட்டினால் ஒரு துண்டு. மூன்றாம் வாரம் கத்தரியால் ஓர் ஈர்க்குச்சியை வெட்டி ‘க்ளிக்’ ஓசை எழுப்பினால் ஒரு துண்டு. பாதத்தை இழுத்துக்கொண்டால் உடனே விட்டுவிடுவோம். விட்டுவிடுவோம் என்று அறிந்ததாலோ என்னவோ, இழுப்பதே குறைந்தது. நான்காம் வாரத்தில் ஒரு நாளைக்கு ஒரு நகம், நுனி மட்டும், நரம்பைத் தொடாமல், வெட்டியதும் ஈரல் துண்டு. முன்னங்காலுக்கு ஐந்து வீதமும் பின்னங்காலுக்கு நான்கு வீதமுமாக மொத்தம் 18 நகங்கள். கடைசி நகத்துக்கு வந்து சேரும்போது முதலில் வெட்டிய நகம் மீண்டும் வளர்ந்திருக்கும், செம்பியும் அந்தக் காலையே முதலில் நீட்டும்.